பக்கத்து வீட்டுக் கூறு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் சொல்லப்போவதில் பாதி கோபத்தில் நடந்தது. செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து "அக்கா, ரெண்டு பக்கமும் எடுங்க", "அக்கா, ஆதார்ல மூஞ்சியே தெரியலியே" என்று கேட்டுக் கேட்டு என் வாய் காரமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்தே நான் அப்படித்தான் என்பதை அவர் மறந்துவிட்டார்.

எங்கள் தெருவில் ஈஸ்டருக்குப் பங்குக் கிடா வெட்டுவோம். பத்து வீடு சேர்ந்து ஒரு கிடா. பாதி வீடு வேதக்காரர்கள், பாதி வீடு இந்துக்கள். தீபாவளிக்கு அவர்கள் பிடிக்கிற கிடாவில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஈஸ்டர் காலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் புங்கமரத்தடியில் தார்ப்பாய் விரித்து, வீட்டுக்கு ஒரு வாழையிலை போடுவோம். என் வீட்டுக்காரர் தொடை, நெஞ்செலும்பு, கொழுப்பு, ஈரல் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா இலையிலும் வைத்துக்கொண்டே போவார். இலைக்கு ஒரு கூறு. எவ்வளவு பார்த்து வைத்தாலும் ஒரு கூறு கொஞ்சம் கொழுத்துத்தான் இருக்கும். அதனால் யாருக்கு எது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இவர் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு வீட்டைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான். அந்த வீட்டார் ஏனம் கொண்டுவந்து அள்ளிப் போக வேண்டும். இலையில் விழுந்ததைக் கலைப்பதோ மாற்றுவதோ கிடையாது.

திரும்பி நிற்பவர் எப்போதும் என் மச்சாண்டார், என் வீட்டுக்காரரின் அண்ணன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். கடைவீதியில் பெயிண்ட் கடை, தெரு முனையில் மாடி வீடு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர். நெல் ஏலம் போகிற கமிட்டியில் மூட்டை தூக்கித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். எங்கள் வேதக்கோயிலுக்குத் தரை போட்டுக் கொடுத்தது அவர்தான். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கும் அவர்தான் தலைவர். பணக்காரன் மோட்சம் போவதைவிட ஊசிக்காதில் ஒட்டகம் நுழைவது சுலபம் என்கிற வசனத்தைச் சாமியார் பிரசங்கத்தில் எடுக்கும்போதெல்லாம் மாமா முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டுவார். வேறு ஏதோ ஊர்ப் பணக்காரனைச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. நான் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொள்வேன்.

இனி பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் மார்பளவு சுவர் ஒன்றுதான். அவள் தொண்டூரில் பிறந்தவள், லோடு ஆட்டோ டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள். என் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது கையும் வேப்பிலையுமாக என் வீட்டிலேயே கிடந்தாள். மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன் பண்ணினால் என்னிடம் இரண்டு வார்த்தை, "அத்த கிட்ட குடும்மா" என்று அவளிடம் அரை மணி நேரம். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். குழாயடியில் அவள் வாய்க்கு என் வாய் தோற்றுப் போகும், அதற்கு மேல் அவளைப் பற்றி என்ன சொல்ல?

போன அறுவடையின்போது மண்டகப்பட்டுப் பக்கம் நெல் ஏற்றி வந்த அவர்கள் வண்டி வாய்க்காலில் சாய்ந்தது. புருஷனுக்கு இடுப்பில் பிளேட் வைத்தார்கள். வண்டி விலைக்குப் போயிற்று. அவள் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது என்று உட்கார்ந்துவிட்டாள். கஷ்டம்தான், ஆனால் அடுப்பு எரிந்தது. அவரும் கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்து, எடை மேடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றைப் பேசி வைத்திருந்தார். மூச்சுவிட இடம் கிடைத்த நேரம் அது.

அந்த நேரம் பார்த்து, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. ஏழைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அன்பியத்தில் பேச்சு வந்தது. மாமா தன் செலவில் ஒரு சிப்பம் அரிசி வாங்கி அவள் வாசலில் இறக்கினார். கூடப் போனவர்கள் அவளை நடுவில் நிற்க வைத்து, மூட்டை மேல் கை வைக்கச் சொல்லி, போட்டோ எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் தெரு வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டது, கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகளோடு. நான் அவள் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாயடியில் முதல் குடத்துக்கு மல்லுக்கட்டுகிறவள் அந்தப் படத்தில் ஊருக்குப் புதிதாக வந்தவளைப் போல ஒடுங்கி நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிப் போனாள். தண்ணீர் பிடிக்கும்போது யாராவது முந்தினால் ஒதுங்கி வழிவிட்டாள். கறிவேப்பிலை ஒரு கொத்து நீட்டினால்கூட "நன்றிக்கா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஒரு நாள் சுவரோரமாக அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"இன்னாடி, ஆளையே காணோம்?"

"ஒண்ணும் இல்லக்கா. சித்திரை பொறந்ததும் வூட்ட காலி பண்ணிட்டு தொண்டூருக்கே போயிடலாம்னு இருக்குது."

"அங்க போயி இன்னா பண்ணுவ? எடை மேடை வேலைக்கு அவரு தெனமும் தொண்டூருல இருந்தா வருவாரு?"

"அது முடியாதுதான்." கொக்கி வைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "அரிசி இல்லன்னு போவலக்கா. அரிசி குடுத்தாங்க இல்ல, அதான் போறேன். காலைல வாசல்ல கோலம் போட குந்துனா, போறவங்க வர்றவங்க எல்லாம் அரிசி பத்துதான்னு கேக்கறாங்க."

"கெடாவுக்குப் பங்கு?" என்று மட்டும் கேட்டேன். "எங்க வூட்ல இந்த வருஷம் கவிச்சி இல்லக்கா. வேண்டுதல்" என்றாள். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல வேண்டிவரும், அந்தச் சங்கடத்தை நான் அவளுக்குக் கொடுப்பானேன்?

அடுத்த அன்பியக் கூட்டத்தில் மாமா சொன்னார்: "இந்த வருஷம் நான் பங்குல இல்ல. பையன் குடும்பத்தோட வர்றான், தனியா ஒரு கெடா புடிச்சிட்டேன். மீந்த கறிய பாக்கெட் போட்டு இல்லாதவங்களுக்குக் குடுத்துடலாம். உங்க பக்கத்து வூட்டுக்கும் ஒரு பாக்கெட் போவட்டும்." எல்லாரும் ஆகா என்றார்கள். மச்சாண்டாரை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இருந்தாலும் வாய் சும்மா இருந்தால்தானே. "அதுக்கும் போட்டோ புடிப்பீங்களா மாமா?" என்றேன். என் வீட்டுக்காரர் இருமினார். மாமா கபடமே இல்லாமல் என்னைப் பார்த்து, "புடிச்சாதாம்மா நாலு பேரு பாத்துட்டு அவங்களும் குடுப்பாங்க" என்றார். அவர் மனசாரச் சொன்னது அது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. கெட்டவராக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் பூசையில் முதல் வாசகம் என் முறை. எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் கிளம்பிப் போகிற இரவில் ஆடு அடிக்க வேண்டிய விதத்தைச் சொல்கிற வாசகம். பாஸ்கா என்கிற பண்டிகையே அதிலிருந்துதான் தொடங்குகிறது. எத்தனையோ வருஷம் வாசித்திருக்கிறேன், சேலைத் தலைப்பு சரியாக இருக்கிறதா, மைக் இரைகிறதா என்று யோசித்துக்கொண்டே. அன்று ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஒரு ஆட்டைத் தின்று தீர்க்க வீட்டில் ஆள் போதாவிட்டால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கு எவ்வளவு தின்ன முடியும் என்று பார்த்துக் கணக்கிட வேண்டும் என்று அதில் வருகிறது. சாமியார் திரும்பிப் பார்த்தார். சுதாரித்துக்கொண்டு மீதியை வாசித்து முடித்தேன். வீட்டுக்கு வந்ததும், கோயிலில் வாசிக்காமல் விடுகிற வரிகளையும் எடுத்துப் பார்த்தேன். விடியும்வரை மிச்சம் வைக்கக் கூடாது என்று இருந்தது. மாமா வீட்டு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஞாபகத்துக்கு வந்தது.

அதுவரை பாஸ்கா என்றால் எனக்கு நிலையில் பூசிய ரத்தம், தலைப்பிள்ளைகளின் சாவு, பிளந்த கடல் என்று பெரிய பெரிய சங்கதிகள்தான். கடலுக்குப் போவதற்கு முன்னால் கடவுள் உட்கார்ந்து கறிப் பங்கைப் பேசியிருக்கிறார் என்பது உறைக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பு என்று அவர் சொல்லியிருக்கலாம். சேர்த்துக்கொள் என்கிறார். உள்ளவன் கொடுக்க வேண்டும், இல்லாதவன் வாங்கி நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நாங்கள் கற்றுக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேரும் ஒரே கிடாவில் கை வைக்க வேண்டும் என்று யாரும் சொன்ன ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பார்கள், நான்தான் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்திருப்பேன்.

மறுநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரிடம், "அவ பங்கையும் நாமளே போட்டுடலாமா?" என்றேன்.

"போடலாம். அப்பறம் அவ கிட்ட இன்னான்னு சொல்லுவ?"

யோசித்துப் பார்த்தேன். என்ன சொன்னாலும் அது இன்னொரு அரிசி மூட்டைதான். மாமாவாவது வெளிப்படையாகக் கொடுத்தார், நான் ஒளித்துக் கொடுக்கப் பார்க்கிறேன். வழி தெரியாத கோபத்தில் அவர் கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். அவர் பேசாமல் குடித்தார்.

சனிக்கிழமை மாமாவின் பையன் லீவு கிடைக்கவில்லை, வர முடியாது என்று சொல்லிவிட்டான். ஒரு முழுக் கிடாவுக்கு மாமாவும் அவர் வீட்டு அக்காவும் ஆக இரண்டே பேர், அதிலும் அக்காவுக்குக் கொழுப்பு ஆகாது. மாமா வாசலில் கட்டியிருந்த கிடா அகத்திக் கீரையை மென்றுகொண்டு போகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி மலை மேல் வெயில் ஏறும்போது எங்கள் தோட்டத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். இரவு விழிப்புப் பூசை முடிந்து வந்த முகங்கள், ஆளாளுக்குக் கொட்டாவி. என் வீட்டுக்காரர் வாழையிலைகளைத் துடைத்துத் தார்ப்பாயில் போட்டார். அரைத் தூக்கத்தில், வருஷா வருஷம் போடுகிற கைப்பழக்கத்தில், பத்து இலை போட்டார். இந்த வருஷம் எட்டு வீடுதான் பங்கு. நான் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து இலையிலும் வைத்துக்கொண்டே போனார். கவனித்தவர்கள் இருந்திருப்பார்கள். யாரும் பேசவில்லை.

மாமா பங்கில் இல்லாவிட்டாலும், திரும்பி நிற்க வேறு ஆள் பழக்கம் இல்லாததால் அவரே வந்திருந்தார். பால்காரர் கொண்டுவந்த டீயைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். "இது யாருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். மாமா கிழக்கு மூலையிலிருந்து வரிசையாகச் சொல்வார், அதுதான் அவர் வழக்கம். "டீச்சரு வூடு." "இது யாருக்கு?" "டெய்லரு வூடு." சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டைச் சொன்னார். அடுத்ததாக, ஒரு வாய் டீயை விழுங்கிவிட்டு, "டிரைவரு வூடு" என்றார்.

என் வீட்டுக்காரரின் விரல் அந்தக் கூறின்மேல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே மேலே போகச் சொன்னேன். அவர் நகர்ந்தார். கடைசி இலைக்கு மாமா வருஷா வருஷம் சொல்கிற மாதிரியே, "கடைசி எங்க வூடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காது சிவந்துபோயிற்று.

"ஏய், தப்பா சொல்லிட்டேன். எட்டுதானே? கலைச்சி வைங்க."

"கூப்ட்டது கூப்ட்டதுதான் மாமா" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "உங்க வாயால கூப்ட்டீங்க. எல்லாரும் கேட்டாங்க. கலைக்கிற வழக்கம் உண்டா நம்ம தெருவுல?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். டெய்லர் மட்டும், "காசு போட்டவங்களுக்குக் கொறையுது இல்ல" என்று முணுமுணுத்தார். மாமா அந்த இரண்டு இலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் வீட்டு இலை ஒன்று, அவருடைய இலை ஒன்று. இரண்டுக்கும் பங்கு போட்டவர் இல்லை. பிறகு திடீரென்று சிரித்துவிட்டார், மூட்டை தூக்கிய காலத்தில் சிரித்திருப்பார் போல வாய்விட்டு.

"அவங்கள இன்னா சொல்றது, நானும்தான் சல்லிக் காசு போடல. எம்பேர நானே கூப்ட்டுக்கினேன். சரி வுடு, வூட்ல இருக்கற கெடா தீவாளிப் பங்குக்கு ஆவட்டும். யாருக்கும் கொறையாது." டெய்லரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்த வீட்டு இலையை எடுக்கக் குனிந்தார். "நானே கொண்டுபோயி குடுத்துட்டு வந்துடறேன்."

"தொடாதீங்க மாமா."

நான் அப்படிச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. அவர் திகைத்து நிமிர்ந்தார். "கொண்டுபோயி குடுத்தா அது வேற. அவங்க கூற அவங்கதான் வந்து அள்ளணும்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்காக அந்த மனிதர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

சுவரோரம் போய்க் குரல் கொடுத்தேன். "இன்னாடி, உங்க வூட்டுக் கூறுல எறும்பு மொய்க்குது. ஏனம் எடுத்துனு வா."

உள்ளே தையல் மிஷின் நின்றது. அவள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்கா? நாங்க பங்கே போடலியேக்கா."

"எங்க மச்சாண்டாரும் போடல. அவருக்கும் வுழுந்துருக்குது. நீ வந்து எடுத்தாதான் அவரு எடுக்க முடியும், பாவம் நின்னுனு இருக்காரு."

"வேண்டுதல்னு சொன்னேனே."

"மாரியாத்தா கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வா."

அவள் உள்ளே போய்விட்டாள். வருவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. மற்ற வீட்டார் தங்கள் கூறை அள்ளிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றார்கள். நான் இலைக்குப் பக்கத்தில் குந்திக் காக்கை விரட்டினேன். வராவிட்டால் சித்திரைக்குப் பிறகு அந்தச் சுவருக்கு அப்பால் பூட்டிய வீடுதான். என் மகளுக்கு என்ன பதில் சொல்வேன், எனக்கே என்ன சொல்லிக்கொள்வேன்? எனக்குத் தெரிந்த ஜெபம் எதுவும் வாய்க்கு வரவில்லை. வாடி, வாடி என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தேன்.

கொண்டையை முடிந்துகொண்டே பின்வாசல் வழியாக வந்தாள். கையில் அலுமினிய ஏனம். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. இலைக்கு முன்னால் குந்தி, விரலால் கறியைப் புரட்டினாள். இந்தப் பக்கம் புரட்டினாள், அந்தப் பக்கம் புரட்டினாள். அப்புறம் என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா இது? ஈரலே காணோம்?"

"வச்சேம்மா. எல்லா எலைக்கும் வச்சேன்."

"எங்க வச்சீங்க? இதுவா? இது கொழுப்பு. எல்லார் வூட்டுக்கும் ஈரல், எங்க வூட்டுக்கு மட்டும் எலும்பும் தோலுமா? கண்ண தொறந்துனுதான் கூறு போட்டீங்களா?"

மாமா தன் இலையைக் கையால் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஈரலைத் தேடி இலையையே கவிழ்த்துவிடுவார் போலிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தவக்காலம் பூராவும் காணாமல் போயிருந்த அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போல இருந்தது.

"அடுத்த வருஷம் நான்தான் பக்கத்துல குந்தினு பாக்கப்போறேன். உங்க கையில வுட்டா இப்டித்தான்" என்று சொல்லி, கறியை அள்ளிப் போட்டு, ஏனத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த வருஷமா? அப்ப தொண்டூரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே பயமாக இருந்தது.

"தொண்டூரு எங்கயும் ஓடிடாதுக்கா. மஞ்சத்தூள் இருந்தா குடு, எங்குளுது தீந்துபோச்சி" என்று அவள் பாட்டுக்கு நடந்தாள்.

நான் உள்ளே ஓடி, மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்து சுவருக்கு மேல் நீட்டினேன். அவள் நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள்.